கிணற்றடி மாமியும் வெள்ளிக்கிழமை வகுப்பும்

போன மாதம் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ரிட்டயர் ஆன டீச்சரை முதல் வரிசையில் உட்காரவைத்து, கையில் ஒரு ரோஜாப்பூவைக் கொடுத்துவிட்டு, அத்தோடு மறந்துவிடுவார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. முதல் வரிசையில் காற்று நன்றாக வரும்.

மேடையில் தலைமை விருந்தாளி கோமதி. எங்கள் பழைய மாணவி. ரேடியோவில் அவள் எழுதிய நாடகம் வருகிற நாளில் மயிலாப்பூரில் பாதி வீடுகளில் சாப்பாட்டுக்கு இலை போடத் தாமதமாகும். அவளோடு படித்த பிலோமினாவின் கதைகள் வராத தீபாவளி மலர் கிடையாது. இவர்களைத் தவிர இன்னும் சிலர் இருக்கிறார்கள். கூட்டம் கலைந்ததும் ஒரு சின்னப் பெண், புதிதாக வந்திருக்கும் தமிழ் டீச்சர், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கையில் கடையில் விற்கிற நோட்ஸ் புத்தகம். அதைப் பார்த்துத்தான் இப்போதெல்லாம் கட்டுரை எழுதிப் போடுகிறார்களாம், பிள்ளைகளும் அதை அப்படியே மனப்பாடம் பண்ணுகிறார்களாம்.

"டீச்சர், நம்ம ஒரு ஸ்கூல்லேர்ந்து இத்தனை பேர் எழுதறாங்களே, அந்தக் காலத்துல எந்தக் கட்டுரைப் புத்தகத்தை வெச்சு சொல்லிக் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"புத்தகமா? ஒரு குண்டானை வெச்சிருந்தோம்மா, பித்தளைக் குண்டான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், கிழவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்ற முடிவு தெரிந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்குப் புத்தி நன்றாகத்தான் இருக்கிறது.

நான் சாந்தோம்காரி. அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார், அண்ணன் வாத்தியார், சித்தப்பா வாத்தியார். உலகத்தில் வேறு வேலைகளும் உண்டு என்பதே எனக்குத் தாமதமாகத்தான் தெரியும். டிரெய்னிங் பள்ளியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது இரண்டே விஷயம். கரும்பலகையில் கோணாமல் எழுதுவது, பெண்களைக் கண்ணாலேயே மிரட்டுவது. இரண்டிலும் எனக்கு நல்ல மார்க்கு. மாம்பலத்து ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் என்று மனை பிரித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், மயிலாப்பூரில் எங்கள் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். நாலாம் பாரத்திலிருந்து ஆறாம் பாரம் வரை, அதாவது ஒன்பதிலிருந்து பதினொன்றாம் வகுப்பு வரை, தமிழும் கட்டுரையும் என் பொறுப்பு.

தலைமையாசிரியை மிஸ் ஜெபமணி. பாளையங்கோட்டைப் பக்கத்தவர். ஒல்லி, உயரம், வாயில் எப்போதும் ஒரு கிராம்பு. நான் சேர்ந்த அன்று அவர் அறைக்குப் போகிறேன், வராந்தாவில் முதல் பாரத்துப் பொடிசு ஒன்று நின்று அழுதுகொண்டிருக்கிறது. இவர் அதன் எதிரே நின்றுகொண்டு, "ஏங்க அழுதீங்க? என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்கிறார். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன், வேறு யாராவது பெரியவர்கள் நிற்கிறார்களா என்று. யாருமில்லை. அந்தப் பொடிசைத்தான் வாங்க போங்க என்கிறார். அதுவும் அழுகையை நிறுத்திவிட்டு, பெரிய மனுஷி மாதிரி நிமிர்ந்து நின்று நடந்ததைக் கோர்வையாகச் சொல்லிற்று. நான் டிரெய்னிங்கில் கற்ற கண்மிரட்டல் அன்றே பாதி உதிர்ந்தது.

மற்றப் பாடமெல்லாம் இங்கிலீஷில் நடந்த காலம் அது. சரித்திரம் இங்கிலீஷ், பூகோளம் இங்கிலீஷ், அசோகர் மரம் நட்டதுகூட இங்கிலீஷில்தான். வெள்ளிக்கிழமை கடைசி மணி மட்டும் தமிழ். அதற்கு வாசிப்பு மணி என்று பெயர். அதை மிஸ் ஜெபமணியே எடுத்தார். நான் கூட இருப்பேன்.

அது நடந்த விதத்தைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெண்ணும் அந்த வாரத்தில் தன் கண்ணால் பார்த்த ஒன்றை அரைத்தாளில் எழுதி வர வேண்டும். கேட்டது கூடாது, படித்தது கூடாது. பெயர் போடக் கூடாது. தாளை நாலாக மடித்து, சமையல் வகுப்பிலிருந்து கொண்டுவந்த பித்தளைக் குண்டானில் போட வேண்டும். நான் கையை விட்டு நன்றாகக் கலக்குவேன். பிறகு குண்டான் பெஞ்சு பெஞ்சாகப் போகும். ஆளுக்கு ஒன்றை எடுக்க வேண்டியது. கையில் வந்த தாளை எழுந்து நின்று, நிதானமாக, ஒரே ஒரு தடவை வாசிக்க வேண்டும். சொந்தத் தாளே கையில் வந்தாலும் காட்டிக்கொள்ளாமல் யாரோ எழுதியதைப் போல வாசிக்க வேண்டும். எழுதியவள் மூச்சுக் காட்டக் கூடாது.

வாசிக்கத் தொடங்கியதும் மிஸ் ஜெபமணி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வார். வாசித்து முடிந்ததும் ஒரே கேள்வி. "என்ன பார்த்தீங்க?" நன்றாக இருக்கிறது, அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், "அது உங்க அபிப்பிராயம். நான் கேட்டது அது இல்லையே" என்பார். பார்த்ததைச் சொல்ல வேண்டும். எழுதியவள் சிவப்பு என்று எழுதாமலே கேட்டவள் சிவப்புச் சேலையைப் பார்த்திருப்பாள். ஒரு பக்கம் முழுக்க எழுதியிருந்தும் ஒருத்திக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. இதையெல்லாம் எழுதியவள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். அந்தப் பல்லைக் கடிப்பதில்தான் அவள் எழுதக் கற்றாள் என்று எனக்குப் பின்னால் புரிந்தது.

ஒரு பங்குனியில் அறுபத்துமூவர் திருவிழாவைப் பற்றி ஒரு தாள். "மாட வீதிகளில் மக்கள் வெள்ளம் அலைமோதியது, காணக் கண்கோடி வேண்டும்" என்று தடபுடலாக எழுதியிருந்தது. "என்ன பார்த்தீங்க?" என்றார். வகுப்பே திருதிருவென்று விழித்தது. "கூட்டம் போதும்மா, எனக்கு ஒரு ஆளைக் காட்டுங்க" என்றார் பொதுவாக, காற்றைப் பார்த்து. அடுத்த வாரம் ஒரு தாள் வந்தது. நெரிசலில் ஒரு செருப்பைத் தொலைத்த மனிதர், மற்றொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, சாமியைப் பார்க்காமல் எல்லோருடைய காலையும் பார்த்துக்கொண்டே நாலு வீதியும் சுற்றியதைப் பற்றி. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. எழுதியது யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதரை நான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிச் சில வருஷங்கள் நன்றாகத்தான் போயின. முப்பதுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, குண்டானிலிருந்து வரக் கூடாத தாள், வரக் கூடாத கைக்கு வந்தது.

அன்றைக்கு ஆறாம் பாரம். எடுத்தவள் கோமதி. மயிலாப்பூர் வக்கீல் ஒருவருடைய மகள், கெட்டிக்காரி, கொஞ்சம் தலைக்கனம். அவள் அப்பா பள்ளிக்கூடக் கமிட்டியில் மெம்பர். கோமதி எழுந்து நின்று தாளைப் பிரித்து வாசித்தாள்.

"எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பின்னால் இருக்கும் வேறொரு வீட்டின் கிணற்றடி தெரியும். எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து வீட்டில் படுத்திருந்த நாட்களில் தினமும் பார்த்தேன். மத்தியானம் அந்த வீடு உறங்குகிற நேரத்தில் ஓர் அம்மாள் கதவைச் சத்தமில்லாமல் திறந்துகொண்டு வருவார். கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் அரைநெல்லி மரம் இருக்கிறது. அந்த அம்மாள் கையில் ஒரு தவலை. அதன் கழுத்து ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்..."

இந்த இடத்தில் கோமதி நிறுத்தினாள். தாளை மறுபடி பார்த்தாள். வகுப்பில் ஒன்றிரண்டு பேர் தலையைத் தூக்கினார்கள். நான் ஏதோ எழுத்துப் புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அவள் பக்கம் நகர்ந்தேன். மிஸ் ஜெபமணி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். கோமதி மேலே வாசித்தாள்.

"அந்த அம்மாள் தவலையைக் கீழே வைத்துவிட்டுக் கிணற்றுக்குள் குனிவார். வெகுநேரம் கிணற்றோடு பேசுவார். எனக்குக் கேட்காது. பிறகு தோள் குலுங்கும். முந்தானையால் முகத்தை இறுக்கிப் பொத்திக்கொள்வார். மறுபடி குனிவார். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விடுவார். யாரிடமும் அழ முடியாததால் அவர் கிணற்றிடம் அழுகிறார். நாளுக்கு நாள் அதிகமாகக் குனிகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது."

மிஸ் ஜெபமணி வழக்கம்போல, "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டார்.

வாசித்தவள் பதில் சொல்வது வழக்கமில்லை. கோமதி சொன்னாள்.

"எங்க அம்மாவை."

அப்படிச் சொல்லிவிட்டு, தாளைப் பழையபடி நாலாக மடித்து, நடந்துவந்து குண்டானில் போட்டுவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். வகுப்பில் சத்தமே இல்லை. நான் எத்தனையோ வகுப்பை அதட்டி அடக்கியிருக்கிறேன், அப்படி ஒரு அமைதியை என்னால் ஒருநாளும் வாங்க முடிந்ததில்லை. மூன்றாவது பெஞ்சில் பிலோமினா மட்டும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது.

பிலோமினா எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த பெண். அப்பா இல்லை, அம்மா தையல் வேலை. சாந்தோமை ஒட்டின ஒரு சந்தில் மாடியில் ஒற்றை அறை. பள்ளிக்கூடச் சம்பளம் கட்டாமல் இலவசமாகப் படிக்கிற பெண். இன்னும் சில மாதத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. தேறினால் காலேஜுக்கு வழி உண்டு, இல்லையென்றால் அம்மாவோடு தையல் மிஷின்தான். மணி அடித்ததும் அவளைத் தோட்டத்துப் பக்கம் இழுத்துக்கொண்டு போனேன்.

"அறிவு இருக்கா உனக்கு? அடுத்தவங்க வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்து எழுதறதா?"

"எனக்கு அது கோமதி வீடுன்னு தெரியாது டீச்சர், சத்தியமாத் தெரியாது. அவங்க வாசல் அந்தாண்டத் தெருவுல இருக்குது. எனக்குத் தெரிஞ்சது கொல்லைப்பக்கம் மட்டும்தான்."

"அப்படியே இருக்கட்டும். எழுத வேற விஷயமே கிடைக்கலியா?"

அவள் அழுதாள். "அவங்க விழுந்துடுவாங்களோன்னு பயமா இருந்துச்சு டீச்சர். எங்கம்மாகிட்ட சொன்னேன், பெரியவங்க விஷயம், வாயை மூடுன்னாங்க. வேற யார்கிட்ட போய்ச் சொல்றது? குண்டான்ல போட்டா யாராச்சும் கேப்பாங்கன்னு போட்டேன்."

என் கோபம் வந்த வழியே போய்விட்டது. கட்டுரைக்கு மார்க்கு வாங்குவதற்கு எழுதுகிற பெண்களைத்தான் நான் பார்த்திருந்தேன். ஒரு உயிரைக் காப்பாற்ற அரைத்தாள் எழுதிய பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் அதை அவளிடம் சொல்லவில்லை. "மூக்கைத் துடைச்சுக்கோ, வீட்டுக்குப் போ" என்று மட்டும் சொன்னேன்.

மயிலாப்பூரைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? திங்கட்கிழமை காலையில் நான் கேட்டில் நுழைகிறேன், எங்கள் பள்ளிக்கூட ஆயா ஓடிவருகிறாள்.

"இன்னா டீச்சரம்மா, வக்கீலு ஊட்டம்மா கெணத்துல உய்ந்துட்சாமே? தூக்கிக்கினு போயி ஆஸ்பத்திரில போட்டுக்கீறாங்களாமே?"

"யாரு சொன்னது உனக்கு?"

"டிராமுல பேசிக்கினாங்கோ."

யேசுவே! வெள்ளிக்கிழமை குண்டானில் போட்டது, திங்கட்கிழமைக்குள் டிராம் ஏறிவிட்டது.

முதல் மணி முடிவதற்குள் வக்கீல் வந்துவிட்டார். கோட்டு, தலைப்பாகை, கக்கத்தில் கேஸ் கட்டு. நேராகக் கோர்ட்டுக்குப் போகிற வழி. பெண்ணை ஆறாம் பாரம் வரை படிக்க வைத்தவர், அந்த விஷயத்தில் தன் தெருவையே எதிர்த்து நின்றவர். அதனாலேயே அடி அதிகமாகப் பட்டிருந்தது. அவர் தலைமையாசிரியை அறைக்குள் கத்தியது வராந்தா முழுவதும் கேட்டது. பேசுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் தொண்டையைக் கனைத்துக்கொள்வார். அந்தக் கனைப்புக்கே மேஜைமேல் இருந்த மைக்கூடு நடுங்கும்.

"எங்காத்து ஸ்திரீயைப் பத்தி ஊர் சிரிக்கறது! நான் அவளைக் கொடுமைப்படுத்தறேனாம். எழுதினது யாருன்னு எனக்குத் தெரியணும்."

"சொல்ல மாட்டேன். எழுதினவங்க பேரைக் கேக்கறது இங்க வழக்கம் இல்லை" என்றார் மிஸ் ஜெபமணி.

அப்போது வாசலில் பிலோமினா. யாரும் கூப்பிடவில்லை. தானாக வந்து நின்றாள், வெள்ளைத் தாள்போல முகம். "நான்தான் சார் எழுதினேன்" என்றாள்.

வக்கீல் அவளைப் பார்த்தார். அவ்வளவு சின்னப் பெண்ணை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, ஒரு நிமிஷம் தடுமாறினார். பிறகு திரும்பி, "இந்தப் பொண்ணு இந்த ஸ்கூல்ல இருக்கப்படாது. இவ இருந்தா என் பொண்ணு இருக்கமாட்டா, கமிட்டிக்காரா ஆத்துப் பொண் ஒண்ணுகூட இருக்காது. அந்த வாசிப்பு மணியும் இன்னியோட நிக்கணும்" என்றார். சொன்னால் செய்கிறவர் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

மிஸ் ஜெபமணி வாயிலிருந்த கிராம்பை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டார்.

"ஐயா, நீங்க கோர்ட்டுல சாட்சியை விசாரிக்காமத் தீர்ப்பு வாங்குவீங்களா?"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"யாரைப் பத்தி எழுதினதோ அவங்க அதைக் கேட்டாங்களா?"

"அவ எதுக்குக் கேக்கணும்? ஆத்துப் பொம்மனாட்டியைக் கோர்ட்டு கச்சேரின்னு இழுக்கப் பாக்கறேளா?"

"கச்சேரி இல்லைங்க, வகுப்பு. ஆம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்க. வெள்ளிக்கிழமை அவங்களை அழைச்சிட்டு வாங்க. அவங்க கேட்டுட்டு, இந்தப் பெண் போகணும்னு சொன்னா, நானே சர்டிபிகேட்டுல கையெழுத்துப் போட்டு அனுப்பிடறேன். வாசிப்பு மணியையும் நிறுத்திடறேன்."

வக்கீல் கனைத்தார். "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில் பிலோமினா மத்தியானச் சாப்பாட்டுக்குத் தனியாகப் போய் உட்கார்ந்தாள். கோமதியும் அப்படித்தான். நான் தினமும் கோயிலில் ஒரு மெழுகுவத்தி ஏற்றினேன். யாருக்காக என்று எனக்கே தெளிவில்லை. இந்தப் பெண்ணின் படிப்புக்கா, கிணற்றுக்குள் குனிகிற அந்த அம்மாளுக்கா என்று.

வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு முன் குதிரை ஜட்கா வந்து நின்றது. மங்களம் மாமி இறங்கினாள். கோமதியின் அம்மா. நான் எலும்பும் தோலுமாக ஒரு துக்க உருவத்தை எதிர்பார்த்திருந்தேன். இவளோ பூசினாற்போல உடம்பு, பெரிய கண், வாசல்படியில் கால் வைக்கவே கூச்சம். பள்ளிக்கூடம் என்ற ஒன்றுக்குள் அதுவரை அவள் நுழைந்ததில்லை. வக்கீல் கக்கத்தில் கேஸ் கட்டோடு வராந்தாவில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். மாமி கடைசி பெஞ்சில் பெண்களோடு பெண்ணாக உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் நகர்ந்து இடம் விட்டாள்.

குண்டானில் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. மிஸ் ஜெபமணி கோமதியைப் பார்த்தார். கோமதி வந்து எடுத்தாள். கண்ணாடி மடிக்குப் போயிற்று.

கோமதி வாசித்தாள். இந்தத் தடவை எங்கேயும் நிற்கவில்லை. அரைநெல்லி மரம், நசுங்கின தவலை, குனிவது, தோள் குலுங்குவது, பயமாக இருக்கிறது என்ற கடைசி வரி. முடித்துவிட்டு, தலையைத் தூக்காமல் நின்றாள்.

"அம்மா, நீங்க என்ன பார்த்தீங்க?" என்றார் மிஸ் ஜெபமணி, மாமியைப் பார்த்து.

மாமியின் தோள் குலுங்கத் தொடங்கிற்று. முந்தானையை எடுத்து முகத்தை இறுக்கிப் பொத்திக்கொண்டாள். தாளில் எழுதியிருந்தபடியே, அப்படியே! பிலோமினா விசித்து அழ ஆரம்பித்துவிட்டாள். முடிந்தது கதை என்று நினைத்தேன். அப்போது அந்த முந்தானைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வெளியே வந்தது.

மாமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அழலைடி கொழந்தே, நான் அழலை" என்று கண்ணைத் துடைத்தாள். "ஐயோ, நான் என்னன்னு சொல்வேன்! மாமியார் தூங்கற நேரம் அது ஒண்ணுதான். நான் கெணத்துல ஆத்துல ஒவ்வொருத்தர் மாதிரியும் பேசிப் பாப்பேன். கெணத்துக்குள்ள பேசினா கொரல் பெரிசாத் திரும்பி வரும். அசல் மாமியார் மாதிரியே இருக்கும். எனக்கே சிரிப்புத் தாங்காது. ஆத்துல முழிச்சுண்டுடப் போறாளேன்னு வாயைப் பொத்திப்பேன். அவ்வளவுதான்டியம்மா."

யாருக்கும் நம்ப முடியவில்லை. முதல் பெஞ்சில் ஒரு பெண், "எப்படி மாமி பேசுவேள்?" என்று கேட்டேவிட்டாள். நான் அதட்ட வாயெடுத்தேன். மிஸ் ஜெபமணி எழுந்து, குண்டானை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டுபோய் மாமி முன்னால் வைத்தார்.

மாமி கதவைப் பார்த்தாள். பிலோமினாவைப் பார்த்தாள். பிறகு குண்டானைத் தூக்கி வாய்ப்பக்கம் பிடித்துக்கொண்டு உள்ளே பேசினாள். அம்மாடி! முதலில் ஒரு கனைப்பு. திங்கட்கிழமை மைக்கூட்டை நடுங்க வைத்த அதே கனைப்பு. அதற்கப்புறம் கட்டைக் குரல், பித்தளையில் மோதி அறையெல்லாம் நிறைந்தது.

"மங்களம்! என் கேஸ் கட்டை யார் எடுத்தா? இந்தாத்துல ஒரு வஸ்து வெச்ச எடத்துல இருக்கா?"

உடனே குண்டானை இறக்கிவிட்டு, தன் சின்னக் குரலில், "ஏன்னா, உங்க கக்கத்துல இருக்கு."

வகுப்பு சிரிப்பதற்கு வாயைத் திறந்த நேரம், வராந்தாவிலிருந்து ஒரு கனைப்புக் கேட்டது. அசல். வக்கீலுக்கு எப்போதும்போலத் தன்னையறியாமல் வந்துவிட்டது.

அதற்குமேல் யாராலும் முடியவில்லை. பெண்கள் பெஞ்சில் சாய்ந்து சாய்ந்து சிரித்தார்கள். கோமதி கையில் தாளோடு, தன் அம்மாவை யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள். மாமிக்கு மட்டும் சட்டென்று முகம் மாறிவிட்டது, கதவையே பார்த்தாள். கதவு திறக்கவில்லை. கனைப்பும் மறுபடி வரவில்லை.

மிஸ் ஜெபமணி சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "அம்மா, இந்தப் பெண் உங்களைப் பத்தித் தப்பா எழுதிட்டாங்க. ஊர்ல பேச்சாயிடுச்சு. இவங்க பள்ளிக்கூடத்துல இருக்கலாமா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

மாமி எழுந்து மூன்றாவது பெஞ்சுக்கு வந்தாள். பிலோமினாவின் மோவாயைத் தொட்டுத் தூக்கினாள்.

"கல்யாணம் ஆன நாளா அந்தக் கெணத்தடியில நிக்கறேன். ஆத்துல ஒருத்தரும் நான் அங்க இருக்கேன்னு பார்த்ததில்லை. இவ பார்த்தா. தப்பாத்தான் பார்த்தா, ஆனா பார்த்தாளே. நான் விழுந்துடுவேனோன்னு எனக்காக ஒரு ஜீவன் பயந்துண்டு இருந்திருக்கே. இவளைப் போகச் சொல்ல நான் யாரு? படிக்கட்டும், நன்னாப் படிக்கட்டும்."

என் உத்தியோகத்தில் எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் வந்து வகுப்பைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள், எழுத்து என்றால் என்ன என்று அப்படி ஒருவரும் சொன்னதில்லை. மிஸ் ஜெபமணி மடியிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்ள ரொம்ப நேரமாயிற்று.

வக்கீல் தலைமையாசிரியை அறையில் நின்றார், காதெல்லாம் சிவப்பு. "பிராது வாபஸ்" என்றார். கேஸ் கட்டைத் தேடினார். நான் அவர் கக்கத்தைக் கண்ணால் காட்டினேன். பிறகு மனைவி ஏறுவதற்கு ஜட்காவின் பின்கம்பியைத் தானே எடுத்துவிட்டதையும் பார்த்தேன்.

பிலோமினாவை மிஸ் ஜெபமணி கூப்பிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு முன்னும் பின்னும் அவர் எவர் எழுத்தையும் திருத்தி நான் பார்த்ததில்லை. "பார்த்தது அத்தனையும் சரியா இருக்குங்க. தோள் குலுங்கினது, முகத்தைப் பொத்தினது எல்லாம் இருக்கட்டும். அழுகிறார்னு நீங்களா நெனச்சுக்கிட்டீங்களே, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. எடுத்துட்டுத் திரும்பப் பாருங்க" என்றார். இன்றைக்கும் பிலோமினாவின் கதையில் எவனாவது அழுதால், அழுதான் என்ற சொல் இருக்காது. படிக்கிற நமக்குத்தான் கண் கலங்கும்.

அவள் தேறினாள், காலேஜ் போனாள், எழுதினாள். அது ஊருக்கே தெரியும். கோமதி எப்படி எழுத வந்தாள் என்பதுதான் எனக்குத் தெரியாமல் இருந்தது. பள்ளியில் இருந்த நாளில் அவள் தாள் எதையும் கேட்டு யாரும் பெரிதாக ஒன்றும் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. ஆண்டு விழா முடிந்த அன்று, அந்தச் சின்ன டீச்சர் பக்கத்தில் இருக்கும்போதே, கோமதி மாலையைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம் வந்து உட்கார்ந்தாள். அவளிடமே கேட்டேன்.

"அந்த வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அம்மா கெணத்துக்குள்ள குனியறதுக்கு முன்னாடி, தெனம் பிலோ ஆத்து மாடியைப் பார்ப்பா டீச்சர்" என்றாள். "சனி, ஞாயிறு, லீவு நாள்ல பிலோ அங்க உக்காந்திருப்பா. அவ இருந்தாத்தான் அம்மாவுக்குக் கொரலே எழும்பும். பிலோ இல்லேன்னா கொஞ்ச நாழி காத்துண்டு இருப்பா. பிலோ காலேஜ் ஹாஸ்டலுக்குப் போன அன்னிக்கு மத்தியானம், அம்மா தவலையை வெச்சுட்டு மாடியைப் பார்த்தா. காலியா இருந்தது. கெணத்துப் பக்கம் போகாமலே தவலையை எடுத்துண்டு திரும்பி வந்தா. நான் கதவாண்ட நின்னுண்டிருந்தேன். 'என்னம்மா, இன்னிக்குப் பேசலையா'ன்னேன். 'இனிமே யாருடி பாக்கப் போறா'ன்னா."

கோமதி கழற்றி வைத்த மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ கையிலேர்ந்து தவலையை வாங்கிக் கீழ வெச்சுட்டு, அரைநெல்லி மரத்தடியில போய் உக்காந்தேன் டீச்சர். 'பேசும்மா, நான் பாக்கறேன்'னேன்."